நாத்தனார் பெயரில் பதினோரு ஆண்டுகள்

ஆவணங்களை மட்டும் நம்பினால், ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்த ஒரு பெண், அதே நாள்களில், அதே காலை வேளையில், நகரின் மறுகோடியிலிருந்த சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டும் இருந்தார். பதினோரு ஆண்டுகளாக இரண்டு இடத்திலும் அவர்மீது ஒரு குறை கிடையாது. இரண்டு சம்பளத்திலும் ஒழுங்காக வரி பிடிக்கப்பட்டது. ஒரே உடம்பு எப்படி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்கும் என்று எந்த அலுவலகமும் கேட்கவில்லை. வரி தவறாமல் வந்துகொண்டிருந்ததால், கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை போலும்.

பல் மருத்துவமனையில் இருந்தவர் நாத்தனார். சலவைக்கூடத்தில் இருந்தவர் அவருடைய அண்ணன் மனைவி. நாத்தனாருக்கு அவர் அண்ணி; இந்தக் கதையிலும் அவர் அண்ணிதான்.

அண்ணி இந்த நாட்டுக்குத் திருட்டுத்தனமாக வந்தவர் இல்லை. மின்தூக்கி பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்று அவருடைய கணவரை முறைப்படி வரவழைத்தது; கணவரின் அனுமதியோடு சேர்த்து மனைவிக்கும் ஓர் அனுமதி கிடைத்தது. மகள் இங்கேயே பிறந்து குடியுரிமையும் பெற்றாள். மகளுக்கு மூன்று வயதானபோது, ஒரு நாள் வேலைக்குப் போன கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைந்து போவதற்குள் குடியேற்ற அலுவலகத்தின் கடிதம் வந்துவிட்டது. கணவரின் அனுமதி காலாவதியானதால் அதைச் சார்ந்த மனைவியின் அனுமதியும் காலாவதியாகிறது. அடுத்த மாதத்துக்குள் வெளியேற வேண்டும்.

கைக்குழந்தையைப் போல மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அண்ணி அந்த அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் கோப்பைப் புரட்டிவிட்டு மிகுந்த கனிவோடு சொன்னார்:

"குழந்தை தாராளமா இருக்கலாம்மா. அவ நம்ம குடிமகள். நீங்கதான் போகணும்."

"மூணு வயசுப் புள்ள தனியா இருந்து சமைச்சுச் சாப்பிடுமாம்மா?"

"அதுக்கு வேற துறை இருக்கு."

அந்தப் பதிலைக் கேட்டு அண்ணிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பிறகு பல ஆண்டுகள் அந்தக் கோபம்தான் அவரைக் காலையில் எழுப்பியது.

பெயரைக் கொடுத்தது நாத்தனார். சமையலறையில் வெங்காயம் உரித்தபடி, கடன் கொடுக்கும் குடையைப் போலச் சாதாரணமாகக் கொடுத்தார்.

"என் அட்டையை எடுத்துட்டுப் போங்க அண்ணி. அங்க எவன் முகத்தைப் பாக்கறான்?"

"மாட்டிக்கிட்டா உன் தலைதானே உருளும்?"

"உருளும்போது பாத்துக்கலாம். முதல்ல புள்ளைக்குப் பால் வாங்கணும்."

சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் முகத்தைப் பார்க்கத்தான் செய்தார். அட்டையிலிருந்த படத்தையும் எதிரே நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல கொஞ்சம் பூசினாப்ல இருக்கீங்களே."

"இளைச்சுட்டேன் சார்."

"பரவாயில்ல. இங்க வந்தா இன்னும் இளைச்சுடுவீங்க" என்று சொல்லிவிட்டு, அவரை மருத்துவமனைத் துணிகளைப் பிரிக்கும் பகுதிக்கு அனுப்பினார். அது வேறு யாரும் விரும்பிப் போகாத பகுதி. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அண்ணியைப் போலவே இரவல் பெயர்க்காரர்கள். இரவல் பெயரோடு வருபவர் சம்பள உயர்வு கேட்கமாட்டார், விடுப்பு கேட்கமாட்டார், துணிக்குள் ஊசி இருந்து கையில் குத்தினாலும் சத்தம் போடமாட்டார் என்பது மேற்பார்வையாளருக்குத் தெரியும். நிர்வாகம் ஏமாந்துபோய் அவர்களை வேலைக்கு வைத்தது என்று பின்னால் சொல்லப்பட்டது. தெரிந்தேதான் வைத்தது, அந்தத் தெரிதலில்தான் அதன் லாபம் இருந்தது.

இரத்தமும் மருந்தும் தோய்ந்த விரிப்புகளை உதறிப் பிரிப்பதில் இரண்டு ஆண்டுகள். பிறகு இஸ்திரி உருளை. ஆள் உயர இரும்பு உருளை ஆவிச் சூட்டில் சுழன்றுகொண்டே இருக்கும். ஈர விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் விறைப்பாகப் பிடித்து அதன் வாய்க்குள் ஊட்ட வேண்டும். ஒருவர் கை தளர்ந்தாலும் விரிப்பு சுருண்டு மற்றவர் கையை இழுக்கும். இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது. எதிரே நிற்பவரின் புருவத்தைப் பார்த்தே எப்போது விடுவது, எப்போது பிடிப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மகளின் பள்ளிக் கட்டணம், சீருடை, மூக்குக் கண்ணாடி எல்லாமே அந்த உருளைக்கு ஊட்டிய விரிப்புகளிலிருந்து வந்தவை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் எல்லோரும் உடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மேற்பார்வையாளர் ஒவ்வொரு பெயராகப் படிப்பார். பெயர் விழுந்ததும் எழுந்து நின்று வலது கையை நீட்ட வேண்டும். அவர் அந்தக் கையில் ஒரு ஜோடி கையுறையை வைப்பார். எழுவதற்குத் தாமதித்தால் கையுறை கிடையாது, அன்றைய வேலையும் கிடையாது. நாத்தனாரின் பெயரைக் கேட்டு முதல் வாரம் இரண்டு முறை தாமதமாக எழுந்து திட்டு வாங்கினார் அண்ணி. அதன்பின் பதினோரு ஆண்டுகள் அவர் தாமதித்ததே இல்லை.

அந்தப் பதினோராம் ஆண்டில்தான் புதிய சட்டம் ஒன்று வந்தது. அனுமதியின்றித் தங்கியிருப்பவர்களை என்ன செய்வது என்று நாடு முழுவதும் ஆறு மாதம் வாதாடினார்கள். ஒரு தரப்பு விரட்டச் சொன்னது. மறுதரப்பு மன்னிக்கச் சொன்னது. மன்னிக்கும்படி என்ன குற்றம் செய்தீர்கள் என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்க இரு தரப்புக்கும் நேரம் இருக்கவில்லை. கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒரு சட்டம் பிறந்தது. பத்தாண்டுகளுக்குமேல் தங்கியவர்கள் இரண்டு பிரிவுகளில் விண்ணப்பிக்கலாம். தம் சொந்தப் பெயரில் உழைத்ததை முதலாளியின் உறுதிமொழியோடு காட்டுபவர்கள் முதல் பிரிவு. ஒரு நாளும் வேலை செய்யாமல் குடிமக்களான உறவினரின் ஆதரவில் வாழ்ந்தவர்கள் இரண்டாம் பிரிவு. சொந்தப் பெயரில் உழைக்க அனுமதி மறுக்கப்பட்டவர்களிடமே சொந்தப் பெயரில் உழைத்ததற்குச் சான்று கேட்ட அந்த வாசகத்தை, படித்தவர்களே எழுதினார்கள், படித்தவர்களே கைதட்டி நிறைவேற்றினார்கள்.

அண்ணி ஆலோசனை கேட்கப் போன வக்கீல் நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"இரண்டாம் பிரிவுல போடுங்க. நாத்தனார் பொறுப்பாளர். இந்த நாட்டுல ஒரு நாள்கூட வேலை செய்யலன்னு நேர்காணல்ல சத்தியம் பண்ணணும். அவ்வளவுதான்."

"உண்மையைச் சொன்னா?"

"உங்களை அனுப்பிடுவாங்க. பேரைக் கொடுத்ததுக்கு நாத்தனார் மேல வழக்கு. அவங்க குடியுரிமையையே தோண்டுவாங்க. போதுமா?"

அன்று மாலை நாத்தனார் வீட்டில் விவாதம் மூண்டது. நாத்தனாரின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மனைவி இங்கே இருக்க, தாம் ஊரிலேயே ஏழு ஆண்டுகள் அனுமதிக்காகக் காத்திருந்து, முறைப்படி வந்து சேர்ந்தவர். அண்ணியைத் தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவருக்கு முகம் இறுகிவிடும்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதே. நான் ஏழு வருஷம் வரிசையில நின்னவன். என் புள்ள பிறந்ததை ஃபோன்லதான் கேட்டேன். இப்ப வரிசையில நிக்காதவங்களுக்கெல்லாம் கதவைத் திறந்தா, நின்னவன் என்ன கேனயனா?"

"நான் எந்த வரிசையில நிக்கணும்னு சொல்லுங்க அண்ணா, நாளைக்கே போய் நிக்கறேன். கவுண்டர்ல கேட்டேன். உங்களுக்கு வரிசையே இல்லன்னாங்க."

மடக்கப்படும்போது வழக்கமாகச் செய்வதைப்போல் ஓட்டுநர் சட்டம் பேசினார்.

"என்ன இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

அதுவரை சும்மா இருந்த நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏங்க, இந்த வீட்டுக்குக் கடன் கேட்டப்ப பேங்க்ல என் பேர்ல எத்தனை சம்பளம் காட்டினீங்க?"

ஓட்டுநர் சுவரைப் பார்த்தார்.

"ரெண்டு. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு அண்ணி கை வெந்து வாங்கினது. அன்னைக்கு உங்க சட்டம் எங்க போயிருந்துச்சு, டீ குடிக்கவா?"

வங்கி அந்த இரண்டு சம்பளத்தையும் பார்த்துத்தான் வீட்டுக்கடன் கொடுத்தது. அண்ணியின் சம்பளம் மாதம் தவறாமல் அவர் கைக்கு வந்துவிட்டது என்றாலும், அந்தச் சம்பளத்தின் நிழலில்தான் இந்த வீடு எழும்பியது. உண்மை வெளியே வந்தால் அண்ணியின் இருப்பு மட்டும் போகாது. நாத்தனாரின் குடியுரிமையும் இந்தக் கூரையும் சேர்ந்து ஆட்டம் காணும். இது மூவருக்கும் தெரிந்திருந்ததால் விவாதம் அத்தோடு நின்றது. சோற்றைப் பிசைந்தபடி அண்ணி சொன்னார்:

"சண்டை போடாதீங்க. சத்தியம் பண்ணிடறேன். வாயால சொல்றதுதானே."

பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னம்மா சொல்லப் போறே?"

"சும்மா இருந்தேன்னு."

மகள் சிரித்துவிட்டாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

நேர்காணல் நாளன்று அண்ணி, நாத்தனார், ஓட்டுநர் மூவரும் காத்திருப்புக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நீளமான பெஞ்ச். வக்கீல் சொல்லிக்கொடுத்ததை அண்ணி மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்து, பொறுப்பாளரின் பெயரை, அதாவது நாத்தனாரின் பெயரை, உரக்கப் படித்தார்.

அண்ணி எழுந்து நின்றார். வலது கை தானாக நீண்டது, உள்ளங்கை மேல்நோக்கி விரிந்தது.

பக்கத்தில் நாத்தனாரும் எழுந்து நின்றார்.

ஒரே பெயருக்கு இரண்டு பெண்கள் எழுந்து நிற்பதை அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நீட்டிய கையை என்ன செய்வது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் அவருடைய புடவை நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"இல்ல சார்" என்று நாத்தனார் முந்திக்கொண்டார். "அண்ணிக்குப் பதட்டம். எவ பேரைக் கூப்பிட்டாலும் எழுந்துக்கறாங்க."

அதிகாரி அதை நம்பினார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார். மூவரையும் உள்ளே அழைத்து, உட்காரச் சொல்லி, ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கினார். பெயர், பிறந்த ஊர், கணவர் இறந்த விவரம் எல்லாம் தடையின்றி நடந்தன. பிறகு அவர் உறுதிமொழியைப் படித்தார். இந்த நாட்டில் தங்கியிருந்த காலம் முழுவதும் நான் எந்த வேலையும் செய்யவில்லை. அண்ணி இதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அண்ணி தொண்டையைச் செருமினார். அந்த இடைவெளியில், இறுக்கத்தைத் தளர்த்த நினைத்தோ என்னவோ, அதிகாரி ஒரு வேடிக்கை பேசினார்.

"பதினோரு வருஷம் சும்மாவே உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. நீங்கதாம்மா கொடுத்து வச்சவங்க."

ஓட்டுநர் மரியாதைக்குச் சிரித்தார். அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"சார்," என்றார் அண்ணி, "இதை நான் சொல்லமாட்டேன்."

"சொல்லலன்னா விண்ணப்பம் செல்லாதும்மா."

"செல்லாம போகட்டும். நான் வேலை செஞ்சேன். உங்க ஊர் ஆஸ்பத்திரி விரிப்பையெல்லாம் நான்தான் பிரிச்சேன், நான்தான் இஸ்திரி போட்டேன். நீங்க எப்பவாவது அங்க படுத்திருந்தா, நான் போட்ட விரிப்புலதான் படுத்திருப்பீங்க. சும்மா உக்காந்து சாப்பிட்டேன்னு என் வாயால சொன்னா, நாளைக்கு எம் பொண்ணு முகத்துல முழிக்க முடியாது."

அதிகாரியின் முகம் மாறியது. "எங்க செஞ்சீங்க? யார் பேர்ல?"

"எங்கன்னு வேணா சொல்றேன். யார் பேர்லன்னு கேக்காதீங்க. என்னை அனுப்பணும்னா அனுப்பிக்குங்க."

அறையில் ஒலிப்பதிவுக் கருவியின் சிறு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நாத்தனார் கணவரைப் பார்த்தார். ஓட்டுநர் தலையை அசைத்தாரா அசைக்கவில்லையா என்பது அவருக்கே நிச்சயமில்லை. நாத்தனார் அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

"என் பேர்லதான் சார். கொஞ்சம் முன்னாடி வெளியில பாத்தீங்களே. எழுதிக்குங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். வேலை செய்யாதவர் என்ற பிரிவு இனிப் பொருந்தாததால் விண்ணப்பம் முதல் பிரிவுக்கு மாற்றப்பட்டது. அதன் விதிப்படி, நாத்தனார் பெயரில் உழைத்தவர் இவர்தானா என்று சலவைக்கூடத்திடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. விசாரணை முடியும்வரை அண்ணி எந்த வேலையும் செய்யக்கூடாது என்ற உத்தரவும் வந்தது. பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக அவர் உண்மையாகவே சும்மா உட்கார்ந்து சாப்பிட்டார்.

சலவைக்கூடத்தின் பதில் மிக நேர்த்தியான நடையில் இருந்தது. விண்ணப்பதாரர் என்று சொல்லப்படும் பெண்ணை நிர்வாகம் கண்டதே இல்லை. அட்டைக்குரிய பெண் எங்களிடம் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியவர்; அவருடைய உழைப்பும் நேரந்தவறாமையும் எங்களுக்கு மிகவும் திருப்தி அளித்தன.

நாத்தனார் அதை இரண்டு முறை படித்தார். "எனக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கான் அண்ணி. அந்தக் கட்டடம் எந்தத் தெருவுல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

அண்ணிக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. கை வெந்த நாளில் வெண்ணிற மருந்தைத் தடவிவிட்டு, "நாளைக்கு வந்துடும்மா, ஆள் இல்ல" என்று கெஞ்சிய அதே மேற்பார்வையாளரின் கூடம், தன்னைக் கண்டதே இல்லை என்கிறது.

ஆனால் அந்தக் கடிதத்தால் அதிகமாகக் கொதித்தவர் ஓட்டுநர். விதியை மதித்து வாழ்ந்த மனிதருக்கு, விதியை மீறிய ஒருவன் விதியின் மொழியிலேயே பொய் எழுதியதைத் தாங்க முடியவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார். ஏழு ஆண்டுகள் படிவங்களோடு மல்லுக்கட்டிய பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது. முதலாளியின் கூற்று மறுக்கப்பட்டால் அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஓர் உட்பிரிவு இருந்தது. அதைக் குறிப்பிட்டு மனு எழுதினார். பதில் வராததால் இன்னொரு மனு. மூன்றாவதைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதிகாரி வெளியே வரும்வரை நடையிலேயே நின்றார்.

"நீங்களாவது படிச்சீங்களா சார், உங்க சட்டத்தை?" என்று கேட்டாராம்.

அதிகாரி நேரில் வந்து பார்க்க ஒப்புக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை அதிகாரியோடு சேர்ந்து நால்வரும் சலவைக்கூடத்துக்குப் போனார்கள். விசாரணை முடியும்வரை அண்ணி கூடத்துக்குள் போகக்கூடாது என்பதால் வாசலுக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்கத்தில் நின்றார். திறந்த கதவு வழியே ஆவியும் சோப்பு நெடியும் அங்கேவரை வந்தன. கதவுக்குள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பலரை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அவர்களும் அவரைக் கண்டுகொண்டு, உடனே பார்வையைத் தாழ்த்தினார்கள். அவர் அதைத் தவறாக நினைக்கவில்லை. அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

அதிகாரியும் ஓட்டுநரும் வாசல் ஓரமாக ஒதுங்கி நிற்க, நாத்தனார் மட்டும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பல் மருத்துவமனைக்குப் போகும் அதே நடையில் உள்ளே போனார். மேற்பார்வையாளர் பெயர்ப் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"யாரும்மா நீங்க? யாரைப் பாக்கணும்?"

"வேலைக்கு வந்திருக்கேன்."

"புது ஆள் எடுக்கறதில்ல இப்ப. மேல ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

"புது ஆள் இல்ல சார். பதினோரு வருஷமா இங்கதான் வேலை பாக்கறேன். என் வேலை ரொம்பத் திருப்தின்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"என்னம்மா உளறல் இது, காலங்காத்தால. உங்களை நான் பாத்ததே இல்லையே."

நாத்தனார் தன் அட்டையை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். அதிகாரி முன்னால் வந்து, தாம் யார் என்று சொன்னார். பெஞ்சில் யாரோ ஒரு பெண் அடக்க முடியாமல் சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மேற்பார்வையாளர் அட்டையைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார், திறந்த கதவு வழியே தெருவின் எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிட்டார். அண்ணி அவர் பார்வையை நேராக வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றார். இம்முறை தலைகுனிந்தவர் அண்ணி இல்லை.

"இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் அதிகாரி. "எழுதிக்கறேன்."

உழைத்தவர் இவர்தான் என்று உறுதியானதால், பதினோரு ஆண்டுகளும் அண்ணியின் சொந்தப் பெயருக்கு மாற்றப்பட்டன. அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு அனுமதி கிடைத்தது. பிறகு மறுபடியும் கேட்க வேண்டும். பெயரை இரவல் கொடுத்த குற்றத்துக்காக நாத்தனாருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. குடியுரிமை தப்பியது, வீட்டுக்கடனை வங்கி இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. சலவைக்கூடத்துக்கு, இனி கவனமாக இருக்கும்படி ஓர் அறிவுரைக் கடிதம் போயிற்று.

ஆனால் அன்று காலை இதெல்லாம் யாருக்கும் தெரியாது. திரும்பி வரும் வழியில் ஓட்டுநர் வெற்றி பெற்றவரைப்போல் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

"பாத்தியா தங்கச்சி, அவன் வாயாலயே வந்துடுச்சு. நீ ஏன் உர்ருனு வர்றே?"

"நான் வேலை செஞ்சேன்னு நிரூபிக்கறதுக்கு, இவ வேலை செய்யலன்னு காட்டவேண்டியிருக்கு அண்ணா," என்றார் அண்ணி. "எதிர்ல நின்ன என்னைப் பாத்து ஒரு வார்த்தை கேக்கணும்னு அந்த ஆபீசருக்குத் தோணிச்சா?"